ஆசிரியராக வரும் மாணவர்களுக்கு வழிகாட்டுவது யார் பொறுப்பு?

(ஆசிரியர் கல்வி மாணவர்களிடையே பணியாற்றும் தோழர்களுக்காக வட மாநிலம் ஒன்றில் நடைபெற்ற பயிலரங்கில், ஆசிரியர் கல்வித் துறையில் நீண்ட காலம் பணியாற்றிய தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

நமது மாநாட்டுத் தீர்மானங்களில் ஆசிரியர் கல்வி பற்றிய பத்தி வழக்கமாக மூன்று வரிகளில் முடிந்துவிடும். தனியார்மயத்தை எதிர்க்கிறோம், காலிப் பணியிடங்களை நிரப்பக் கோருகிறோம், தேசியக் கல்விக் கொள்கையைத் திரும்பப் பெறக் கோருகிறோம். மூன்றும் சரியானவையே. ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அந்த மூன்று வரிகளுக்குள் வராத ஒரு விஷயம். ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணத்தோடு கல்லூரிக்குள் நுழையும் ஒரு மாணவி, எந்தப் படிப்பில் சேர வேண்டும், பட்டப்படிப்பில் எந்தப் பாடங்களை எடுக்க வேண்டும், உதவித்தொகை வராவிட்டால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும், முதன்முறையாக நாற்பது குழந்தைகள் முன் நின்று வாய் வறண்டுபோகும்போது யாரிடம் பேச வேண்டும் என்பதை எல்லாம் யாரிடமிருந்து அறிந்துகொள்கிறாள்?

இதை நிர்வாகச் சில்லறை விவகாரம் என்று நினைக்கும் தோழர்கள் இங்கே இருக்கலாம். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் எண்ணத்தை மாற்றியவள் ஒரு மாணவி.

அவளுடைய பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். ஆண்டில் ஏழெட்டு மாதம் சூளையோடு சூளையாக இடம்பெயரும் குடும்பம். அந்தக் குடும்பத்தில் பட்டப்படிப்பை முடித்த முதல் ஆள் அவள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது அவளது ஆசை. சூளையில் தன் தம்பி தங்கைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்தே இருந்த ஆசை. 2022-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தி, ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாண்டு பி.எட். படிப்பில் சேர்ந்தாள். இரண்டாம் ஆண்டு தொடங்கும் நேரத்தில், 2023 ஆகஸ்ட் 11 அன்று, பி.எட். பட்டம் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணிக்குரிய தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவள் என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான்.

அந்தத் தீர்ப்பை நான் இங்கே குறைசொல்லப் போவதில்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தறிவிப்பது தனியான பயிற்சி தேவைப்படும் தொழில். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அறிவியல் கற்பிக்கத் தெரிந்தவருக்கு அது தானாக வந்துவிடாது. தீர்ப்பின் அடிப்படை நியாயம் சரியானது என்றே கருதுகிறேன். எனது கேள்வி வேறு. தேதிகளைக் கவனியுங்கள். பி.எட். முடித்தவர்களும் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியராகலாம், பணியில் சேர்ந்து 2 ஆண்டுகளுக்குள் 6 மாத இணைப்புப் பயிற்சி பெற்றால் போதும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அறிவிக்கை வெளியிட்டது 2018 ஜூன் 28-இல். அந்த அறிவிக்கையை ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2021 நவம்பர் 25-இல். அதாவது இந்தப் பெண் கட்டணம் செலுத்துவதற்கு ஏறத்தாழ எட்டு மாதங்களுக்கு முன்பே அவள் நம்பிய வழி நீதிமன்றத்தில் அடைபட்டிருந்தது. மேல்முறையீடு மட்டுமே நிலுவையில் இருந்தது.

'பெண்ணே, சின்னக் குழந்தைகளுக்குத்தான் கற்பிக்க வேண்டும் என்றால் இரண்டாண்டு டி.எல்.எட். படிப்பில் சேர், பி.எட். விவகாரம் வழக்கில் இருக்கிறது' என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு வாக்கியம். அவள் பட்டம் பெற்ற கல்லூரியில் அதைச் சொல்ல ஆள் இல்லை. சேர்ந்த கல்லூரியில் ஆள் இருந்தார்கள், சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அவள் நிரப்பப்பட வேண்டிய ஓர் இடம், வந்து சேர வேண்டிய ஒரு கட்டணம்.

ஆசிரியரின் மகளுக்கு இந்த வாக்கியம் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கிடைத்துவிடும். அதிகாரியின் மகனுக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்றில் கிடைத்துவிடும். சூளைத் தொழிலாளியின் மகளுக்கு அது கிடைக்கக்கூடிய ஒரே இடம் பொதுக் கல்வி நிறுவனம். அங்கே அது இல்லையென்றால் அவள் விலை கொடுத்து வாங்க வேண்டும், அல்லது தவறான முடிவெடுத்து அதைவிடப் பெரிய விலை கொடுக்க வேண்டும். வழிகாட்டுதல் என்பது வர்க்கக் கேள்வி என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

1882-இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் ஜோதிராவ் பூலே அளித்த மனுவைத் தோழர்கள் பலரும் படித்திருப்பீர்கள். மேல்சாதிக் குடும்பத்திலிருந்து வந்த ஆசிரியர்களே தொடக்கப் பள்ளிகளை நிறைத்திருந்த காலம் அது. உழவர் சாதிகளிலிருந்து ஆசிரியர்களை எடுத்துப் பயிற்றுவியுங்கள், அந்த மக்களோடு கலந்து பழகி அவர்களது தேவையை அறிந்தவர்கள் அவர்களே, அவர்களுக்கு நியாயமான ஊதியம் கொடுங்கள் என்று பூலே கேட்டார். நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்து, அவர் கேட்டவர்கள் இன்று வந்திருக்கிறார்கள். தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், அவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள், ஆசிரியர் கல்விக் கல்லூரிகளின் வாசலில் நிற்கிறார்கள். இடஒதுக்கீட்டுக்கான போராட்டங்கள் அவர்களை அந்த வாசல்வரை கொண்டுவந்தன. வாசலைத் தாண்டியபின் அவர்களைப் பார்த்துப் பேச அங்கே ஒருவரும் இல்லை.

இன்னொரு நடைமுறை விவரம் சொல்கிறேன். கேந்திரிய வித்யாலயாப் பள்ளிகளில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு, வரலாறு, புவியியல், பொருளாதாரம், அரசியல் அறிவியல் ஆகிய நான்கில் இரண்டைப் பட்டப்படிப்பில் படித்திருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்று வரலாறாகவோ புவியியலாகவோ இருந்தாக வேண்டும். அரசியல் அறிவியலும் பொருளாதாரமும் படித்த மாணவர் நல்ல மதிப்பெண்ணோடு பி.எட். முடித்து, தகுதித் தேர்விலும் தேறிய பிறகு, விண்ணப்பம் நிரப்பும் நாளில்தான் இதைத் தெரிந்துகொள்கிறார். பதினேழு, பதினெட்டு வயதில், கல்லூரியின் முதல் வாரத்தில், நேரம் ஒத்துவருகிறது என்பதற்காக அவர் எடுத்த பாடம் ஐந்தாண்டு கழித்து அவரது விண்ணப்பத்தை நிராகரிக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் இந்த விதிகள் வேறுபடும். ஒரு துறையில் ஒரே ஒரு ஆசிரியர் இந்த விதிகளைச் சேகரித்து, முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் விளக்கினால் தீர்கிற விஷயம். எத்தனை கல்லூரிகளில் அந்த ஒரு மணி நேரம் இருக்கிறது?

இதற்கு மேல், கொள்கையே நிலையாக நிற்பதில்லை. ஓராண்டாக இருந்த பி.எட். 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி 2015 முதல் இரண்டாண்டு ஆனது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பே குறைந்தபட்சத் தகுதி என்றது. 2023-24 கல்வியாண்டில் அந்தப் படிப்பு முன்னோட்டமாகத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் வெளியான வரைவு விதிமுறைகள் ஓராண்டு பி.எட். படிப்பைத் திரும்பக் கொண்டுவரப் பேசின. பத்தே ஆண்டுகளில் ஒன்று இரண்டாகி, நான்காகி, மறுபடியும் ஒன்றாகிறது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கே தலைசுற்றும்போது கிராமத்திலிருந்து வரும் மாணவி என்ன செய்வாள்? பயிற்சி மையத்துக்குப் போவாள். ஒவ்வொரு அறிவிக்கைக்குப் பிறகும் இந்த மையங்களின் சுவரொட்டிகள்தான் முதலில் ஒட்டப்படுகின்றன. அறிவுரையும் அங்கேதான் கிடைக்கிறது, கட்டணத்தோடு. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்ற 2025 செப்டம்பர் 1 தீர்ப்புக்குப் பிறகு, நரைத்த தலைகளும் அதே பெஞ்சுகளில் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறோம்.

இனி, 'வழிகாட்டுதலுக்கு ஆள் எங்கே, பணம் எங்கே' என்ற கேள்விக்கு வருவோம். நிர்வாகங்கள் இதைக் கேட்கும். நம்மில் சிலரும் தயங்கிக் கேட்கிறோம். கணக்கை எடுத்துப் பாருங்கள். 2014 விதிமுறைகளின்படி, ஆண்டுக்கு 100 பேரைச் சேர்க்கும் பி.எட். கல்லூரியில், இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து 200 மாணவர்களுக்கு, 16 முழுநேர ஆசிரியர்கள் இருக்க வேண்டும். ஓர் ஆசிரியருக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று மாணவர்கள். ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி அழைக்கவும், வீட்டு நிலைமை அறியவும், பள்ளிக்கே போய் அவர்கள் பாடம் நடத்துவதைப் பார்க்கவும் போதுமான எண்ணிக்கை இது. புதிய சட்டமோ, புதிய திட்டமோ தேவையில்லை. சட்டப்படி இருக்க வேண்டியவர்கள் உண்மையில் இருந்தாலே போதும்.

அவர்கள் இல்லை. பட்டியலில் இருக்கிறார்கள், சுவரில் புகைப்படமாக இருக்கிறார்கள், ஆய்வுக்குழு வரும் நாளில் காரில் வந்து இறங்குகிறார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012-இல் தந்த அறிக்கை, பணிக்கு முந்தைய ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் சுமார் 90 விழுக்காடு அரசு சாராதவை என்று பதிவுசெய்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்த நிறுவனங்களில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று, அந்த ஆணையத்தை மேற்கோள் காட்டி, தேசியக் கல்விக் கொள்கை ஆவணமே எழுதியிருக்கிறது. இதை எழுதிய அரசு அந்த வியாபாரத்தில் ஏமாந்த மாணவர்களுக்கு என்ன ஈடு செய்தது என்று கேட்டால் ஆவணத்தில் பதில் இல்லை.

வட மாநிலங்களில் 'நான்-அட்டெண்டிங்' என்ற சொல் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. வகுப்புக்கு வராமலே பி.எட். பெறலாம், அதற்குத் தனிக் கட்டணம். விதிமுறை என்ன சொல்கிறது? பாட வகுப்புகளுக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை கட்டாயம் என்கிறது. பணமுள்ளவர் இந்த விதியைக் கடந்துபோகிறார். குழந்தைக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் வராத மாணவியை அதே விதி தேர்வெழுதவிடாமல் தடுக்கிறது. இரண்டையும் ஒரே அலுவலக மேசையில் பார்த்திருக்கிறேன்.

பள்ளிப் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். என் வாழ்நாளில் பெரும்பகுதி அதில்தான் கழிந்தது. பி.எட். படிப்பில் மொத்தம் 20 வாரப் பள்ளிப் பயிற்சி உண்டு. ஒரு மாணவர் ஆசிரியராக மாறுவதும், இந்தத் தொழிலே வேண்டாம் என்று முடிவுசெய்வதும் இந்த வாரங்களில்தான். முதல் பத்து நாட்களில் எல்லோரும் தோற்பார்கள். பாடத்திட்டக் குறிப்பேட்டில் அழகாக எழுதியதெல்லாம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மீதி முப்பது நிமிடம் மலைபோல் நிற்கும். பின்வரிசையில் ஒரு சிறுவன் எழுந்து வெளியே போவான். அன்று மாலை யாராவது அருகில் உட்கார்ந்து, 'நீங்கள் கேட்ட மூன்றாவது கேள்வி நன்றாக இருந்தது. ஆனால் பதிலுக்குக் காத்திருக்காமல் நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். நாளை ஐந்து விநாடி பொறுத்துப் பாருங்கள்' என்று சொன்னால் மறுநாள் வகுப்பு வேறாக இருக்கும். நான் மேற்பார்வையிட்ட காலத்தில், பேச்சில் வட்டார வழக்குத் தெறிக்கும் மாணவி ஒருத்தி, பள்ளித் தலைமை அவளது உச்சரிப்பைக் கேலி செய்ததால் பயிற்சியை விட்டுவிட முடிவுசெய்தாள். அவளது வழக்கில் அவள் சொன்ன கதையை அந்த வகுப்புக் குழந்தைகள் வாய்பிளந்து கேட்டதை நான் பார்த்திருந்தேன். அதை எழுத்தில் குறித்தும் வைத்திருந்தேன். அந்தக் குறிப்பைத் தலைமையாசிரியர் முன் வைத்துப் பேசினோம். அவள் தொடர்ந்தாள். மேற்பார்வையாளர் வராத பள்ளிகளில் இப்படிப்பட்டவர்கள் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள். கோப்பில் 'சொந்தக் காரணம்' என்று பதிவாகிறது.

மேற்பார்வை இல்லாத பயிற்சி வேறொன்றாகவும் மாறுகிறது. ஆசிரியர் இல்லாத பள்ளியில் பயிற்சி மாணவரே ஊதியமில்லா ஆசிரியர். 2024-25-ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி நாட்டில் 1,04,125 பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியர்தான். அவற்றில் படிக்கும் குழந்தைகள் 33.76 லட்சம். இத்தகைய பள்ளிக்குப் பயிற்சிக்கு அனுப்பப்படும் மாணவருக்கு, கற்றுக்கொடுக்க அங்கே யார் இருப்பார்கள்? மூன்று வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்து அமைதிப்படுத்தும் வேலையைத்தான் அவர் கற்றுக்கொண்டு வருவார். பேருந்துக் கட்டணம் அவர் கையிலிருந்து போகும். மாலையில் டியூஷன் எடுத்தும் கடையில் கணக்கெழுதியும் படிப்பவர்களுக்கு அந்த வருமானமும் நிற்கும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையில் 2020 டிசம்பர் முதல் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கீடு வந்தது. மாநிலத்தின் பங்கு வந்த பிறகே மத்தியப் பங்கு மாணவர் கணக்குக்கு வரும். குடும்ப வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். தொகை தாமதமாகும் மாதங்களில் கல்லூரி மாணவரை நெருக்குகிறது. அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கிறது. அப்படிப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவிக்கை வெளியிட்டது என்பதை மாணவருக்குச் சொல்ல ஆளில்லை. அந்த அறிவிக்கையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு போன இடங்களில் சான்றிதழ் அன்றே திரும்பக் கிடைத்ததை நம் தோழர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இதெல்லாம் நம் நாட்டில் நடக்காத காரியமா? நடந்திருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1994-இல் தொடங்கிய நான்காண்டு தொடக்கக் கல்வி இளங்கலைப் பட்டம், பி.எல்.எட்., பொதுப் பல்கலைக்கழகத்துக்குள், மகளிர் கல்லூரிகளில் நடந்தது. பள்ளி முடித்த பெண்கள் நேரடியாகச் சேர்ந்தார்கள். சிறு குழுக்கள், நாடகமும் கைவினையும், தன்னையே அறிந்துகொள்வதற்கான பயிலரங்குகள், இறுதியாண்டில் மாதக்கணக்கில் பள்ளியில் தங்கிப் பயிற்சி, அதற்குக் கல்லூரி ஆசிரியரின் தொடர் மேற்பார்வை என அந்தப் படிப்பு வடிவமைக்கப்பட்டிருந்தது. வழிகாட்டுதல் அதில் தனி அலுவலகம் அல்ல. படிப்பின் உடம்பிலேயே இருந்தது. அதை மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு எடுத்துச்செல்ல எந்த அரசும் முனையவில்லை. 2023-இல், ஆசிரியர்களின் எதிர்ப்பை மீறி, அதன் இடத்தில் மத்திய அரசின் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பைக் கொண்டுவரப் பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு ஒப்புதல் அளித்தது. முப்பதாண்டு அனுபவத்தைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் துணிச்சல் நமது ஆட்சியாளர்களுக்கு மட்டுமே உண்டு.

அரசும் வழிகாட்டுதலைப் பற்றிப் பேசாமல் இல்லை. 'வழிகாட்டுதலுக்கான தேசிய இயக்கம்' என்று ஒன்று புதிய கொள்கையில் இருக்கிறது. மூத்த, ஓய்வுபெற்ற வல்லுநர்களின் தொகுப்பு ஒன்றை உருவாக்கி, விரும்புவோர் அவர்களை அணுகலாம் என்பது அதன் ஏற்பாடு. அது ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கானது. ஆசிரியராகிக்கொண்டிருப்பவர்களைத் தொடுவதே இல்லை. நிரந்தரப் பணியிடத்தை நிரப்பாமல் ஓய்வுபெற்றோரின் நல்லெண்ணத்தை நம்பும் திட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

இப்போது நம்மைப் பற்றி. சேர்க்கைக் காலத்தில் நமது மாணவர் தோழர்கள் பல்கலைக்கழக வாயில்களில் உதவி மேசை போடுகிறார்கள். வெயிலில் நின்று படிவம் நிரப்பித் தருகிறார்கள். அது அருமையான வேலை. நம்மிடம் முதலில் வரும் பல உறுப்பினர்கள் அந்த மேசை வழியாகத்தான் வருகிறார்கள். ஆனால் சேர்க்கை முடிந்ததும் மேசையை மடித்துவிடுகிறோம். மாணவி உள்ளே போனபிறகு தொடங்கும் தனிமை நம் வேலைத்திட்டத்தில் இல்லை. செப்டம்பரில் உதவித்தொகை விண்ணப்பம், முதலாண்டில் பாடத் தேர்வு, இரண்டாம் ஆண்டில் பள்ளிப் பயிற்சி, அதன்பின் தகுதித் தேர்வு, பணி நியமன அறிவிக்கை. அந்த மேசை இந்த ஒவ்வொரு கட்டத்திலும் இருக்க வேண்டும். அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று ஒரு தோழர் காலையில் கேட்டார். நியாயமான கேள்வி. நாம் அரசுக்கு மாற்றாக நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. ஆனால் ஒவ்வொரு மேசையும் ஒரு பதிவேடு. எத்தனை பேர் எந்த விவரம் தெரியாமல் எவ்வளவு இழந்தார்கள் என்று அதில் எழுதிவந்தால், அடுத்த ஆண்டு துணைவேந்தர் முன் வைக்கும் கோரிக்கைக்கு அதுவே சான்று.

கோரிக்கைகளும் திட்டவட்டமாக இருக்கட்டும். 'மாணவர் நலனை மேம்படுத்துக' என்று எழுதினால் ஒரு குழு அமைத்து முடித்துவிடுவார்கள். விதிப்படியான 16 ஆசிரியர்களை நியமிக்கக் கேளுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் குறிப்பிட்ட ஒரு வழிகாட்டி ஆசிரியரையும், அவரது பணிநேரக் கணக்கில் அதற்கான நேரத்தையும் கேளுங்கள். கூடுதல் சுமையாகத் தலையில் ஏற்றினால் ஆசிரியர் சங்கத் தோழர்களே நம்மை எதிர்ப்பார்கள், அது அவர்களது உரிமை. பயிற்சி வாரங்களுக்கு உதவித்தொகையும் பயணச் செலவும் கேளுங்கள். வழிகாட்டும் ஆசிரியர் இல்லாத பள்ளிக்குப் பயிற்சி மாணவரை அனுப்பக் கூடாது என்று கேளுங்கள். பணி நியமன விதிகளை மாணவரின் மொழியில் முதல் வாரத்திலேயே தரச் சொல்லுங்கள். மாற்றுத் திறனாளி மாணவர்களுக்கு 2016 சட்டம் உயர்கல்வியில் 5 விழுக்காடு இடம் உறுதிசெய்கிறது. சேர்ந்தபின் அவர்கள் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் சாய்தளம் இருக்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை, நாம் கேட்போம்.

என்னிடம் வந்த அந்தப் பெண், பி.எட். முடித்தபின் மறுபடியும் டி.எல்.எட். படிப்பில் சேர்ந்தாள். மேலும் இரண்டு ஆண்டுகள், மேலும் ஒரு கடன். சூளைக் காலம் முடிந்து ஊர் திரும்பும் குடும்பங்களின் பெண்கள் இப்போது அவளிடம்தான் கேட்கிறார்களாம், எதில் சேரலாம் என்று. அவள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். எந்தப் பணிக்கு எந்தத் தகுதி என்று தன் கைப்பட எழுதியது. அதன் நகலை எனக்கு அனுப்பியிருந்தாள். பின்வரிசையில் உள்ள தோழரிடம் தந்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஆசிரியர்களின் பெயர், தகுதி, புகைப்படம் ஆகியவற்றை ஒவ்வொரு ஆசிரியர் கல்வி நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. உங்கள் மாவட்டத்துக் கல்லூரிகளின் பட்டியல்களைப் பதிவிறக்கி அச்செடுங்கள். அங்கே படிக்கும் மாணவர்களிடம் காட்டி, இவர்களில் எத்தனை பேரை வகுப்பில் பார்த்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எந்தெந்தக் கல்லூரியை யார் எடுத்துக்கொள்வது என்பதைப் பிற்பகல் அமர்வில் மாவட்ட வாரியாகப் பிரித்துக்கொள்வோம்.